கறுப்புக் கம்பளியில் ரோஸ் நிறம் ஏறுமா?

கேள்வி:

எனக்குச் சொந்த ஊர் மதுரை. வேலை காரணமாகக் கச்சிபௌலியில், பதினொன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். குரோஷா பின்னுவதில் ஆரம்பித்த பழக்கம், இப்போது ஆட்டு ரோமத்தைக் கையால் நூற்பது, சோப்புத் தண்ணீரில் தேய்த்து ஃபெல்ட் செய்வது என்று வளர்ந்துவிட்டது. வெளிநாட்டில் கையால் சாயமேற்றி விற்கும் கம்பளிச் சுருள்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. ஒரே சுருளில் நாலைந்து நிறம், இடையிடையே பட்டு இழை, சின்னச் சின்ன முடிச்சு, சுருட்டை ரோமம். விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிடுகிறது.

என் அலுவலகத் தோழிக்குச் சித்திபேட்டைப் பக்கம் ஊர். அங்கே ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தபோது ஒரு சாக்கு நிறையக் கறுப்பு ரோமம் கொடுத்தனுப்பினார்கள். காசு கொடுத்தும் வாங்கவில்லை. துவைத்து, கடையில் விற்கும் ரோஸ் நிறத் துணிச் சாயத்தில் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தேன். தண்ணீர் ரோஸ் ஆனது, ரோமம் கறுப்பாகவே இருந்தது. ஆன்லைனில் வாங்கிய வெள்ளை மெரினோவையும் தனியாகக் கொதிக்கவிட்டுக் கிளறினேன். அது கடலை உருண்டை மாதிரி இறுகிவிட்டது. கறுப்பில் நிறம் ஏற என்ன செய்ய வேண்டும்? அந்த ரோமத்தில் ஃபெல்ட் வருமா? ஃபிளாட் சமையலறையில் இதையெல்லாம் செய்யலாமா?

- ஒரு வாசகி, கச்சிபௌலி, ஹைதராபாத்

பதில்:

கறுப்பில் ரோஸ் ஏறாது. ஆட்டின் கறுப்பு என்பது ரோமத்துக்குள்ளேயே இருக்கும் மெலனின். அதன்மேல் எத்தனை சாயம் ஊற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்துவிட்டுச் சாயம் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். இந்த அளவு கறுப்பை வெளுக்க முயன்றால் ரோமம் நைந்து போகும், கிடைப்பதும் ஒரு செம்பட்டை நிறம்தான். நிறத்தை வெள்ளை ரோமத்தில் ஏற்றுங்கள். கறுப்பைக் கறுப்பாகவே அதில் கலந்துகொள்ளுங்கள். நீங்கள் ஆசைப்படும் அந்த முரட்டு அழகுக்கு உங்கள் சாக்கில் இருப்பதைவிட நல்ல சரக்கு வெளிநாட்டுக் கடையில் இல்லை.

சித்திபேட்டை, மேதக், மகபூப்நகர் பக்கமெல்லாம் குருமா மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்த தக்காண ஆட்டின் ரோமம் அது. நம் பெரம்பலூர், தருமபுரிப் பக்கத்துத் திருச்சி கருப்பு ஆடும் ஏறக்குறைய இதே ஜாதி. ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். ஒரு தடவைக்கு ஓர் ஆட்டிலிருந்து அரைக் கிலோ தேறினால் அதிகம். பெண்கள் நூற்பார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, குழித்தறியில் கொங்கடி நெய்வார்கள். அந்தக் கம்பளியை மழையில் குல்லாய் போல மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஆடு மேய்ப்பவரை, வெளிவட்டச் சாலையைத் தாண்டி ஒரு மணி நேரம் போனால் இன்றைக்கும் பார்க்கலாம்.

காசு வாங்காமல் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெருந்தன்மை மட்டுமல்ல. கத்தரிக்கிற கூலிகூட ரோமத்தில் கட்டுவதில்லை. கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: தெலங்கானாவில் 2012இல் 1.28 கோடியாக இருந்த செம்மறிகள் 2019இல் 1.91 கோடி ஆகிவிட்டன, நாட்டிலேயே முதலிடம். ஆனால் நாடு முழுக்கக் கம்பளி உற்பத்தி 2014-15இல் 4.81 கோடி கிலோவாக இருந்தது, 2022-23இல் 3.36 கோடி கிலோவாகச் சுருங்கியது. ஆடு கூடுகிறது, ரோமம் குறைகிறது. காரணம் கறி. உயரமாக வளர்ந்து நல்ல எடை தரும் நெல்லூர் ஆட்டுக்கு உடம்பில் கம்பளியே கிடையாது, முடிதான். தக்காண ஆட்டு மந்தைகளில் நெல்லூர்க் கிடாக்கள் புகுந்து பல வருஷம் ஆகிறது. 2017இல் மாநில அரசு 75 சதவீத மானியத்தில் இருபது ஆடும் ஒரு கிடாவும் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்ததே, அதுவும் கறியை மனதில் வைத்துத்தான். வளர்ப்பவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ரோமத்தை வாங்க ஆளில்லாதபோது அவர் என்ன செய்வார்?

இது உங்கள் சாக்குக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். கலப்பு ஆட்டின் முடியும் அதில் இருக்கலாம். ஒரு கைப்பிடியை வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். கம்பளி என்றால் இழையில் நெளி இருக்கும், இழுத்துவிட்டால் சுருங்கிக்கொள்ளும். நேராக, பளபளவென்று, வளைத்தால் உடைவது போலிருப்பது முடி. அது நூலிலும் நிற்காது, ஃபெல்ட்டிலும் ஒட்டாது. அதைத் தனியே எடுத்துச் செடித்தொட்டியில் மண்ணோடு கலந்துவிடுங்கள்.

மிச்சத்தை மூன்றாகப் பிரியுங்கள். சுத்தக் கறுப்பு ஒரு குவியல். வெயிலில் நுனி செம்பழுப்பாகிப்போனது இன்னொன்று. சாம்பலும் வெள்ளையும் கலந்தது மூன்றாவது. பெரும்பாலும் ஒரு சாக்கில் மூன்றும் இருக்கும். அந்தச் சாம்பல் குவியலில் சாயம் ஏறும். வெள்ளையில் வருவது போலப் பளிச்சென்று வராது. ரோஸ் போட்டால் பழைய செங்கல் நிறம் வரும், நீலம் போட்டால் மழைமேக நிறம். எனக்குப் பளிச்சென்ற ரோஸைவிட அந்தச் செங்கல்தான் பிடிக்கும்.

பச்சை ரோமத்தைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அடைப்பான் நோய்க் கிருமி ஆட்டு ரோமம் வழியாக மனிதருக்கு வந்த வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஆலைகளில் கம்பளி பிரிக்கும் தொழிலாளர்கள் அதனாலேயே செத்தார்கள். அரிதான ஆபத்துதான், ஆனால் திடீரென்று செத்த ஆட்டின் ரோமம் வேண்டவே வேண்டாம் என்று தோழியிடம் சொல்லி வையுங்கள். பால்கனியில் வைத்து உதறி, புழுக்கையும் ஒட்டுமுள்ளும் கொட்டிய பிறகு வலைப்பையில் போட்டு, கீசரிலிருந்து வருகிற நல்ல சூடான தண்ணீரில் திரவ டிடர்ஜென்ட் கலந்து இருபது நிமிஷம் மூழ்க வையுங்கள். கிளறாதீர்கள், பிழியாதீர்கள். தக்காண ஆட்டில் மெரினோ அளவு எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. இரண்டு தண்ணீரில் சுத்தமாகிவிடும்.

அடுத்து வெள்ளைக்கு வருவோம். மெரினோ ஏன் உருண்டையானது? கம்பளி இழையின் மேல்தோலில் மீன் செதில் போல அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் பட்டால் விரியும், தேய்த்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. ஃபெல்ட் செய்வதற்கு வேண்டியதும் இதேதான்: சூடு, ஈரம், அசைவு. சாயப் பானையில் சூட்டையும் ஈரத்தையும் தவிர்க்க முடியாது. எனவே அசைவை நிறுத்த வேண்டும். கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டதுதான் வினை. கொதிக்கவிட்டதும் தப்பு, குமிழி கிளம்பினாலே அதுவும் கிளறியது மாதிரிதான். கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே, 85 முதல் 90 டிகிரியில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் துணிச் சாயமும் பொருந்தாது. அது பருத்திக்கானது, உப்போடு வேலை செய்வது. கம்பளியும் பட்டும் நம் தலைமுடி போலப் புரதம். புளிப்பான தண்ணீரில்தான் அவை சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். கடையில் 'ஆசிட் டை' என்று கேளுங்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நாம் ஊற்றப்போகும் ஆசிட் வினிகரோ, ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்போதான். பட்டுச் சாயக்காரர்கள் தினமும் புழங்குகிற சரக்கு அது.

ஒரே சுருளில் நாலு நிறம் வருவதற்குப் பழைய இட்லிப் பானை ஒன்று போதும். நூறு கிராம் வெள்ளை ரோமத்தை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, கையால் மெல்ல அழுத்தி நீரை வடியுங்கள். ஒரு கிராம் சாயப்பொடியை நூறு மில்லி வெந்நீரில் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல். நூறு கிராம் ரோமத்துக்கு எல்லா நிறமும் சேர்த்து அந்த நூறு மில்லி போனால் நடுத்தர அடர்த்தி, பாதி போனால் வெளிர். சூடு தாங்கும் பிளாஸ்டிக் தாளில் ரோமத்தை நீளமாகப் பரப்பி, மருந்து ஊற்றும் சிரிஞ்சால் நிறம் நிறமாக விடுங்கள். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் விரலால் அழுத்தினால் போதும். ஓரிரு இடத்தில் வெள்ளையை அப்படியே விட்டுவையுங்கள். எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டால் நூற்கும்போது ஒரே சேற்று நிறமாகிவிடும். தாளைச் சுருட்டி இட்லித் தட்டில் வைத்து நாற்பது நிமிஷம் ஆவியில் வேகவிடுங்கள். அடுப்பை அணைத்தபின் மூடியைத் திறக்காமல் ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும். காலையில் சுருளைப் பிரித்தால் வடிகிற நீர் நிறமில்லாமல் இருக்கும். சாயம் முழுக்க ரோமத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம். கலங்கலாக வந்தால் இன்னும் கொஞ்சம் வினிகர் தெளித்து மறுபடி வேகவையுங்கள்.

ஒன்று கண்டிப்பு: அந்தப் பானையில் மறுபடி இட்லி ஊற்றக் கூடாது. சமையல் பாத்திரத்தைத் தியாகம் செய்ய மனசில்லை என்றால் கேசரிப் பவுடரில் ஆரம்பியுங்கள். சமையலுக்கு அனுமதித்த நிறங்களும் வேதியியலில் ஆசிட் டை வகையைச் சேர்ந்தவைதான், வினிகரோடு கம்பளியில் அழகாக ஏறும். கடைப் பொடியில் உப்போ மாவோ கலந்திருப்பதால் நிறையப் போட வேண்டியிருக்கும். பச்சைப் பொடியைப் போட்டால் மஞ்சளும் நீலமும் வெவ்வேறு வேகத்தில் ஏறித் தனித்தனித் திட்டாகப் பிரிவதும் உண்டு. கையால் சாயமேற்றியதற்கு அது அழகுதான். வெயிலில் வெளுக்கும் என்பது ஒன்றே குறை. சுவரில் மாட்டும் பொருளுக்கு வேண்டாம்.

கச்சிபௌலித் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். பாறைக்கு நடுவே கட்டிய ஊர். குழாய்த் தண்ணீரோடு போர்வெல்லும் லாரித் தண்ணீரும் கலந்து வரும் அடுக்குமாடிகளில் தண்ணீர் பெரும்பாலும் கடினமாக இருக்கும். கட்டிச் சோப்பு அதில் திரிந்து ரோமத்தில் வெள்ளையாகப் படியும். ஃபெல்ட் செய்ய ஆர்ஓ தண்ணீரில் சோப்புக் கரையுங்கள், கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர் விடுங்கள். வெளிர் நிறங்களுக்கும் ஆர்ஓ தண்ணீரே நல்லது. மஞ்சிட்டி வேர்ச் சாயத்துக்கு மட்டும் கடின நீர் உதவி செய்யும். சிவப்பு இன்னும் திடமாக வரும்.

இயற்கைச் சாயம் வேண்டுமென்றால் உங்கள் ஊரில் பதுக்கம்மா பண்டிகை முடிந்து தசரா வரும் நேரம் பொன்னானது. குடிமல்காபூர்ப் பூச்சந்தையில் விற்காமல் தேங்கிய செண்டுமல்லியை வாங்கிக் காயவையுங்கள். நூறு கிராம் கம்பளிக்குப் பன்னிரண்டு கிராம் படிகாரம். அதில் ஒரு மணி நேரம், கொதிக்காத சூட்டில். பிறகு கம்பளியின் எடைக்குச் சமமாகக் காய்ந்த பூவை வேகவைத்து வடிகட்டிய சாற்றில் இன்னொரு மணி நேரம். பொன் மஞ்சள் வரும். ஒரு துளி அன்னபேதிக் கரைசல் விட்டால் அதுவே ஆலிவ் பச்சை ஆகும். அன்னபேதி கூடினால் கம்பளி முறுகிப் பொடியும். அரக்குச் சாயம் கம்பளியில் தருகிற கருஞ்சிவப்பு பருத்திக்குக் கனவிலும் கிடைக்காது. மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம். எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள், ஒரு மாச வெயிலில் போய்விடும்.

எந்த வெள்ளை வாங்குவது? கழுத்தில் படுகிற பொருளுக்கு மெரினோ. இழை 18 முதல் 24 மைக்ரான், குத்தாது. 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருந்தால் ஃபெல்ட்டுக்கு வாங்காதீர்கள். மெஷினில் துவைக்க வசதியாகச் செதிலையே மழுக்கிவிட்ட கம்பளி அது, எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டாது. பை, பாய், சுவர்த் தொங்கல் என்றால் பீகானேர்ப் பக்கத்துக் கம்பளி போதும். மக்ரா ஆட்டு ரோமத்துக்கு ஒரு பளபளப்பு உண்டு, சாயம் ஏறினால் கண்ணைப் பறிக்கும். சோக்லா இன்னும் மென்மை. ராஜஸ்தான் கம்பளியில் ஆங்காங்கே உள்ளே பொந்தான தடித்த இழைகள் வரும். அவை சாயம் ஏறியும் வெளிறித் தெரியும். கம்பள வியாபாரிக்கு அது குறை, உங்களுக்கு இலவச அலங்காரம். நம் ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி ஆட்டையும், மெரினோ கலந்த சாண்டினோவையும் வளர்க்கிறார்கள். தென்னிந்தியாவின் மென்மையான ரோமம் அது, கிடைத்தால் விடாதீர்கள்.

இழைக் கலப்பில்தான் உங்கள் ஊருக்கு யோகம். பூதான் போச்சம்பள்ளி உங்களுக்கு ஒரு காலைப் பயணம். பட்டுத்தறி ஓடும் வீடுகளில் அறுந்த நூலும் கழிவும் நிச்சயம் இருக்கும். அதை ஒரு அங்குலத்துக்கு வெட்டி வெள்ளைக் கம்பளியோடு ஒன்றாகச் சாயம் போடுங்கள். இரண்டும் புரதம் என்பதால் இரண்டிலும் ஏறும், ஆனால் ஒரே அளவில் ஏறாது. பட்டு வேறு சாயலில் மின்னும். பருத்தி நூல் துணுக்கைப் போட்டால் அது சாயத்தையே தொடாமல் வெள்ளையாக நிற்கும். பிறகு கறுப்பு. ஐந்து பங்கு சாயமேற்றிய வெள்ளைக்கு ஒரு பங்கு தக்காணக் கறுப்பு என்று ஆரம்பியுங்கள். கார்டிங் பலகை வாங்கத் தேவையில்லை, நாய்க்கு முடி வாரும் கம்பி பிரஷ் இரண்டு போதும். இரண்டு இழுப்போடு நிறுத்துங்கள். நாலாவது இழுப்பில் எல்லாம் கலந்து ஒரே சாம்பல் ஆகிவிடும், முடிச்சும் திட்டும் போய்விடும்.

ஃபெல்ட் விஷயத்தில் கறுப்பு தனியாக நிற்காது என்றுதான் சொல்வேன். கரடான இழை மெதுவாகத்தான் மாட்டிக்கொள்ளும். சந்தேகமிருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து, இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மூன்று நிமிஷம் உருட்டுங்கள். இறுகிய குண்டு வந்தால் ஃபெல்ட் ஆகும். கையை எடுத்ததும் பிரிந்தால் துணைக்கு மெரினோவோ பீகானேரோ வேண்டும். அடியில் வெள்ளை இரண்டு அடுக்கு குறுக்கும் நெடுக்குமாக, மேலே மெல்லிசாகக் கறுப்புத் தூவல். வெள்ளைதான் கறுப்பை இழுத்துப் பிடிக்கும். காஷ்மீரிலும் ராஜஸ்தானின் டோங்கிலும் நம்தா விரிப்பு செய்கிறவர்கள் பாயின்மேல் கம்பளியை அடுக்கி, சோப்பு நீர் தெளித்து, பாயோடு சுருட்டிக் காலால் மிதித்து உருட்டுவார்கள். உங்களுக்குக் கோரைப்பாயும் குளியலறையும் இருக்கிறதே! கீழ்வீட்டுக்காரர் பால்கனியில் ஈர ஆட்டு வாடையோடு தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அபார்ட்மெண்ட் சங்கத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கே கூட்டம் போடுவார்கள். முதல் துண்டை வேண்டிய அளவைவிட நீள அகலத்தில் பாதிக்குமேல் பெரிதாக அடுக்குங்கள். மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும்.

நூற்பதற்குக் கதர்ப் பெட்டி ராட்டை சரிப்படாது. பருத்திக்காக வேகமாக முறுக்கும் கருவி, திட்டும் முடிச்சுமான கம்பளியைக் கயிறாக்கிவிடும். இரண்டு பழைய சிடியும் ஒரு குச்சியும் கொண்டு செய்த தொங்கு தக்ளியில் மெதுவாக நூற்றுப் பாருங்கள். தோழியின் ஊரில் வயதான குருமாப் பெண்கள் யாராவது இன்னும் நூற்கிறார்களா என்றும் விசாரியுங்கள். ஒரு காலைப்பொழுது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். போகும்போது காசு கொடுத்து இன்னும் இரண்டு கிலோ வாங்குங்கள், குறிப்பாகக் குட்டியின் முதல் கத்தரிப்பு. அது மற்றதைவிட மென்மையாக இருக்கும். உங்கள் நகரத்திலேயே 'எர்த்தன் டியூன்ஸ்' என்ற நிறுவனம் இந்தக் கம்பளியில் காலணி செய்து விற்கிறது. ஆக, இதற்கு விலை கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஜூனுக்குள் சாக்கை முடிக்க முடியாவிட்டால் பூச்சி வரும். வேப்பிலையையும் வசம்பையும் மட்டும் நம்பாதீர்கள். துவைத்து நன்றாகக் காய்ந்த ரோமத்தை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஃபிரீசரில் மூன்று நாலு நாள் வைத்து எடுத்து, பையைப் பிரிக்காமலே அலமாரியில் வையுங்கள்.